தெய்வசிகாமணி ஒயருக்குள் போனது

விஜயதசமியன்று காலையில், அடுப்பில் ஏற்றிய இட்லி இன்னும் வெந்து முடியாத நேரத்தில், எங்கள் வீதித் தெய்வசிகாமணி மாடிப்படிக்கு அடியிலிருந்த நெட் பெட்டிக்கு முன்னால் குனிந்து, "எங்கதான்டா போய்த் தொலையறீங்க?" என்று அதன் வாயில் காதை வைத்துக் கேட்டு, அப்படியே ஒயருக்குள் போய்விட்டார். மூக்குக் கண்ணாடியும் எரிந்துகொண்டிருந்த டார்ச் லைட்டும் மட்டும் படியோரம் கிடந்தன. கண்ணாடி இல்லாமல் அவருக்கு உள்ளே எப்படி வழி தெரியும் என்பதுதான் அவர் மனைவி மயிலாத்தாளின் முதல் கவலையாக இருந்தது.

எங்கள் வீதி திருப்பூரின் ஓரத்தில் இருக்கிறது. வீட்டுக்கு வீடு தையல் மிஷின் ஓடும். மிஷின் ஓடுகிற வீட்டையெல்லாம் கம்பெனி என்போம், நாலே மிஷின் இருந்தாலும் அது கம்பெனிதான். தெய்வசிகாமணியின் கம்பெனி வீட்டின் முன்பகுதியில், பனியனுக்குக் காலர் வைத்துக் கொடுக்கிற வேலை. குடித்தனம் அதற்குப் பின்னாலும் மேலேயும். ஊரெல்லாம் வைஃபைக்கு மாறியபோது அவர் மட்டும் மாறவில்லை. "காத்துல வர்றது காத்தோட போயிரும், ஒயர்ல வர்றதுதான் ஊட்டுக்கு வந்து சேரும்" என்று சொல்லித் தன் கையாலேயே சுவரைக் கொத்தி, கம்பெனிக்கும் கூடத்துக்கும் சமையலறைக்கும் மாடி அறைக்குமாக ஒயர் இழுத்து, அறைக்கொரு சாக்கெட் வைத்திருந்தார். பூஜையறையிலும் ஒன்று. "சாமிக்கு எதுக்குங்க நெட்டு?" என்று மயிலாத்தாள் கேட்டதற்கு, "இருந்துட்டுப் போவுது, உனக்கென்ன?" என்று பதில் வந்தது. மனைவியின் கேள்விகளுக்கு அவரிடமிருந்து வருகிற பதில்களில் அது நீளமானது. மற்றதுக்கெல்லாம் ஒரு உறுமல்தான்.

ஆயுத பூஜைக்கு எங்களூரில் எதையும் விட்டுவைக்க மாட்டோம். மிஷின், கத்தரி, அயர்ன் பாக்ஸ், ஸ்கூட்டர், மிக்ஸி, தண்ணி மோட்டார் என்று உழைக்கிற எதுவானாலும் துடைத்து, அன்றைக்கு ஓய்வு கொடுத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, பொரி கடலை படைத்துக் கும்பிடுவோம். இந்த வருடம் மயிலாத்தாள் நெட் பெட்டியையும் அணைத்துத் துடைத்துப் பொட்டு வைத்தாள். அது எட்டு வாய் உள்ள பெட்டி. ஒரு வாயில் வெளியிலிருந்து லைன் வந்தது, மற்ற வாய்களிலிருந்து அறை அறையாக ஒயர் போனது, ஒரே ஒரு ஒயர் மட்டும் ஒரு முனை பெட்டியில் இருக்க மறுமுனை சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. எந்தச் சாக்கெட்டாவது மக்கர் பண்ணினால் சோதித்துப் பார்க்க தெய்வசிகாமணி வைத்திருந்த உதிரி ஒயர் அது. பெட்டியில் ஒரு வாயும் காலியாக இருந்தது. நல்ல நாளும் அதுவுமாக ஒரு வாய் காலியாகவும் ஒரு முனை நாதியற்றும் கிடப்பது மயிலாத்தாளுக்குப் பொறுக்கவில்லை. அந்த முனையை எடுத்து அந்த வாயில் சொருகி, டக்கென்று சத்தம் வந்ததும் திருப்திப்பட்டு, அந்த ஒயரின் இரண்டு முனைகளுக்கும் சந்தனத்தைத் தாராளமாக அப்பி, நடுவில் குங்குமமும் வைத்தாள். பார்த்தவர்கள் எல்லாம் லட்சணமாக இருக்கிறது என்றார்கள். லட்சணமாகத்தான் இருந்தது.

மறுநாள் எல்லாவற்றையும் திரும்ப ஓட்டிப் பார்க்க வேண்டும், அதுதான் முறை. மோட்டாரைப் போட்டார்கள், தண்ணீர் ஏறியது. மிஷின்கள் ஓடின. பெட்டியைப் போட்டதும் அதன் பச்சை விளக்குகள் எல்லாம் சாமி வந்தாற்போல் படபடவென்று மின்னின. ஆனால் கம்பெனிக் கம்ப்யூட்டருக்கு நெட் வரவில்லை, கூடத்து டிவியில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. தெய்வசிகாமணி பதறாமல் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கம்ப்யூட்டர் ஒயரைப் பிடுங்கித் திரும்பச் சொருகினார். ஒயரை மாற்றினார். டிவி ஒயரைக் கம்ப்யூட்டருக்கும் கம்ப்யூட்டர் ஒயரை டிவிக்கும் கொடுத்துப் பார்த்தார். சுவர்ச் சாக்கெட்டைக் கழற்றி உள்ளேயிருக்கும் வண்ண வண்ணக் கம்பிகள் எல்லாம் கவ்வியிருக்கின்றனவா என்று பார்த்தார். எல்லாமே சரியாக இருந்தது, எதுவுமே வேலை செய்யவில்லை. சந்தனம் அப்பிய ஒயரை மட்டும் அவர் தொடவில்லை, பூஜை செய்ததைக் கலைக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. கடைசியில்தான் காதை வைத்துக் கேட்டார், உள்ளே போனார்.

முதலில் அவர் குரலைக் கேட்டவள் மயிலாத்தாள். சமையலறைச் சாக்கெட்டிலிருந்து "நிறுத்து" என்று சத்தம் வந்தது. அவள் அடுப்பை நிறுத்தினாள். அதற்குள் கம்பெனியில் ஓவர்லாக் மிஷின் ஓட்டுகிற சகுந்தலா, "அக்கா, முதலாளி செவுத்துக்குள்ள இருந்து மோட்டாரங்கறாருங்க" என்று ஓடிவந்தாள். பூஜையறையிலிருந்து "வழியுது" என்று கேட்டது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் சமையலறையில் "நிறுத்து". அவர் வீடு முழுக்க ஒயருக்குள் சுற்றிச் சுற்றி வருகிறார், அறையைத் தாண்டும்போது அறைக்கொரு சொல்தான் வெளியே விழுகிறது என்பதைக் கண்டுபிடித்தவர் பக்கத்து வீட்டுக் கிட்டுசாமி. ரிட்டயர் ஆன பஸ் கண்டக்டர். எந்தக் கூட்டத்தையும் பிரித்து நிறுத்தத் தெரிந்தவர். அறைக்கு ஒரு ஆளாக எங்களை நிறுத்தினார்.

"காதுல உழுந்தத அப்படியே சத்தமாச் சொல்லோணும். சொந்தச் சரக்கு ஒண்ணுஞ் சேத்தப்படாது, ஆமா" என்றார்.

கம்பெனியிலிருந்து சகுந்தலா "மோட்டார" என்றாள். சமையலறையிலிருந்து "நிறுத்து". மாடியிலிருந்து "தொட்டி". பூஜையறையிலிருந்து "வழியுது". கூடத்தில் நின்ற கிட்டுசாமி தன் பங்குக்கு "கெரகமே" என்றார். எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். மொட்டை மாடியிலிருந்து தண்ணீர் சுவரோடு வழிந்து, வாசல் கோலத்தைக் கரைத்து, வீதி வரை போய்விட்டிருந்தது. நாலு பேர் ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தினோம். ஒயருக்குள் போனாலும் ஆள் அப்படியேதான் இருக்கிறார் என்று தெரிந்ததில் எங்களுக்கு ஒரு தெம்பு வந்தது.

அதற்கப்புறம் அவர் ஒயருக்குள் இருக்கிறார் என்பது எங்கள் வீதியில், இன்னார் வெளியூர் போயிருக்கிறார் என்பது மாதிரியான ஒரு சேதியாகிவிட்டது. காலையில் வேலைக்கு வருகிறவர்கள் சாக்கெட்டைப் பார்த்து வணக்கம் சொல்லிவிட்டு மிஷினில் உட்கார்ந்தார்கள், முதலாளி எந்த நேரமும் சுற்றி வருவார் என்பதால் வழக்கத்தைவிட ஒழுங்காகத் தைத்தார்கள். காது குத்துக்கு அழைக்க வந்த சொந்தக்காரர்கள் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு பத்திரிகையைப் பெட்டிக்கு முன்னால் வைத்து, "குடும்பத்தோட வந்துருங்க" என்று முறையாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். மாடி அறையில் துணி மாற்றுகிற பெண்கள் சாக்கெட்டின்மேல் துண்டைத் தொங்கவிட்டார்கள். ஊர்வம்பு பேச வருகிறவர்கள் கூடத்தை விட்டு வாசலுக்கு நகர்ந்தார்கள். ஒரு சோசியர் வந்து ஏழரைச் சனி என்றார், ஏழரை யாருக்குத்தான் இல்லை என்று கிட்டுசாமி அவரைக் காப்பி கொடுத்து அனுப்பிவைத்தார். மயிலாத்தாள் வேளாவேளைக்குச் சோறு போட்டுப் பெட்டிக்கு முன்னால் தட்டை வைத்தாள். ஆறியதும் எடுத்துப்போய் அதையே அவள் தின்றாள். சொந்தக்காரி ஒருத்தி நல்லெண்ணத்தோடு, "காக்காய்க்கு ஒரு புடி வெச்சுப் பாக்கலாமா?" என்று கேட்டாள். மயிலாத்தாள் அவளைக் கையைப் பிடித்து வாசல் வரை கூட்டிப்போய் விட்டு, கேட்டைச் சாத்திவிட்டு வந்தாள். அன்றைக்கு அவள் நெற்றியில் பொட்டு இன்னும் பெரிதாக இருந்தது.

இப்படியே இருந்திருந்தால் அதையும் பழகிக்கொண்டிருப்போம், மனுசன் எதைத்தான் பழகிக்கொள்ளவில்லை. ஆனால் குரல் பெருக ஆரம்பித்தது. முதலில் சாக்கெட்டுக்கு ஒரு சொல் விழுந்தது. அப்புறம் அதே சொல் இரண்டாக விழுந்தது, இரண்டு நாலானது, நாலு நாற்பதானது, பெட்டிக்குத் திரும்பி வருகிற ஒவ்வொரு சொல்லும் எல்லா வாய்களிலும் பிரிந்து ஓடி, பிரிந்தது மறுபடி பிரிந்து, மோட்டார நிறுத்து தொட்டி வழியுது கெரகமே என்று தெய்வசிகாமணியின் குரல் சுவர் முழுக்க இரைந்துகொண்டே இருந்தது. "ஒத்த ஆளா இருக்கறப்பவே என்னால சமாளிக்க முடியாதுங்க" என்று மயிலாத்தாள் முதலில் சிரித்தாள். அப்புறம் சிரிக்கவில்லை. அவர் முதல் நாள் சொன்ன ஒரே வாக்கியத்தின் இரைச்சலுக்குள், இப்போது அவர் என்ன சொல்கிறார், பசிக்கிறது என்கிறாரா, வலிக்கிறது என்கிறாரா என்று எதுவும் கேட்கவில்லை. வீடு முழுக்க அவர் குரலாக இருந்தது, அவரைத்தான் காணவில்லை. அவள் அழுததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நெட் கம்பெனியிலிருந்து பிரான்சிஸ் என்று ஒருவர் வந்தார். பெட்டியைப் பார்த்ததுமே, "பவர ஆஃப் பண்ணி, பத்து எண்ணி, ஆன் பண்ணுனீங்கன்னா சரியாயிரும்க்கா" என்று சுவிட்சை நோக்கிக் கையைக் கொண்டுபோனார். வீதியே சேர்ந்து அவர் கையைப் பிடித்தது.

"உள்ள ஆளு இருக்காருப்பா" என்றார் கிட்டுசாமி.

"ஓ, ஆளு இருக்காருங்களா?" பிரான்சிஸ் கையைப் பாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டார். "அப்பப் பண்ணப்படாதுங்க. வெளக்கு நின்னா ஓட்டம் நின்னுரும். ஆளு உள்ள இருந்தா என்ன பண்றதுன்னு எங்களுக்குச் சொல்லித் தரவேயில்லீங்க."

அவர் கொஞ்ச நேரம் இரைச்சலைக் கேட்டார். "எங்கியோ ஒரு ஒயரு பொறப்பட்ட பெட்டிக்கே திரும்பி வந்து மாட்டியிருக்குதுங்க. வந்ததே திரும்பத் திரும்ப வருது பாருங்க, அதான் அடையாளம். அந்த ஒயர எடுத்துட்டா சுத்தறது நின்னுரும்."

"அது நாந்தேன்" என்றாள் மயிலாத்தாள். "ஆயுத பூஜையன்னைக்கு வாய் காலியாக் கெடக்குதேன்னு நாந்தேன் சொருகுனேன். இந்தா, சந்தனம் வெச்சிருக்கறேன் பாருங்க, இதுதான்."

யாரும் அவளை ஒன்றும் சொல்லவில்லை. நாங்களாக இருந்தாலும் சொருகித்தான் இருப்போம்.

ஆனால் ஒயருக்கு முனை இரண்டு. எந்த முனைப் பக்கமாக அவர் இருக்கிறாரோ அதைப் பிடித்து இழுத்தால் வெளியே வந்துவிடுவார், தப்பான முனையை இழுத்தால் அவருக்கு வழி அடைபட்டுப்போகும், அப்புறம் எந்தக் காலத்துக்கும் வர முடியாது என்றார் பிரான்சிஸ். இரண்டு முனையிலும் காதை வைத்துப் பார்த்தோம். இரண்டிலும் நூறு தெய்வசிகாமணிகள் மோட்டாரை நிறுத்தச் சொன்னார்கள். எது அவர் என்று யாருக்கும் தெரியவில்லை, நாளைக்குப் பார்க்கலாம் என்று இருந்துவிடலாமா என்று யோசித்தோம். அப்போதுதான் எல்லோர் போனிலும் மெசேஜ் வந்தது. மாதாந்திரப் பராமரிப்புப் பணிக்காக நாளைக்குக் காலை ஒன்பது மணி முதல் மாலை வரை எங்கள் பகுதியில் கரண்ட் இருக்காது.

வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு வந்தோம், அடுத்த தெருக்காரர்கள் ஜெனரேட்டரையே தள்ளிக்கொண்டு வந்தார்கள். எதற்கு மாற்றினாலும் மாற்றுகிற நேரத்தில் ஒரு கண்ணிமைப்புக்கு விளக்கு அணையத்தான் செய்யும் என்று பிரான்சிஸ் தலையை ஆட்டிவிட்டார். பேட்டரிகள் வாசலில் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

மறுநாள் விடிந்ததும் வீதி முழுக்க அந்த மாடிப்படியைச் சுற்றி நின்றது. மயிலாத்தாள் தலைக்குக் குளித்து, இட்லி ஊற்றி வைத்துவிட்டு வந்து பெட்டிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். ஆளாளுக்குக் கூப்பிட்டுப் பார்த்தோம். "முதலாளீ!" "மாப்ளே!" "சிகாமணியண்ணா!" எத்தனை முறை கூப்பிட்டாலும் மோட்டார், மோட்டார், மோட்டார்தான். ஒன்பது மணி நெருங்கிக்கொண்டிருந்தது.

"வலது பக்கம் சத்தம் சாஸ்தியா இருக்குது. சத்தம் இருக்கற எடத்துலதான் ஆளு இருப்பான். வலதையே இழுத்துரலாம்" என்றார் கிட்டுசாமி. பிரான்சிஸும் அதுதான் சரி என்றார். நாங்களும் தலையாட்டினோம். நிறையப் பேர் சேர்ந்து தலையாட்டினால் எதுவும் சரியென்றுதான் தோன்றும்.

"வேண்டாங்ணா" என்றாள் மயிலாத்தாள். "சத்தம் போடறதெல்லாம் அன்னைக்குச் சொன்னது. அதுங்க ஆரு பேச்சையும் கேக்காது, சொன்னதையே சொல்லிக்கிட்டுக் கெடக்கும். கேட்டுப் பதில் சொல்றவரு ஒருத்தருதான் உள்ள இருக்காரு. அவரக் கேக்கறாப்பல கேக்கோணும். சித்த எல்லாரும் சும்மா இருங்க."

எல்லோரும் சும்மா இருந்தோம். மிஷின்களை நிறுத்தினார்கள். அவள் குனிந்து, ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறவரிடம் பேசுகிற மாதிரி மெதுவாகக் கேட்டாள்.

"மாமா, சாப்புட்டீங்களா?"

வலது முனையில் மோட்டார நிறுத்து தொட்டி வழியுது என்று இரைந்தது. இடது முனையிலும் அதுவே இரைந்தது. அவள் இன்னொரு தரம் கேட்டாள், "மாமா, ஏனுங்க, சாப்புட்டீங்களா?" இடது முனையில், அந்த இரைச்சலுக்கு அடியில், தூரத்துக் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறாற்போல் மெலிசாக ஒரு குரல் வந்தது.

"எங்கீ சாப்புடறது? கண்ணாடி வேற இல்ல. நெம்பப் பசிக்குது மயிலா."

அவர் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு வீதியில் யாரும் கேட்டதில்லை. மயிலாத்தாள் இடது முனையைப் பிடித்தாள். சந்தனம் காய்ந்து கல்லாக இறுகி, முனையின் சின்ன நாக்கு அழுந்த மறுத்தது. யாரோ ஸ்குரூ டிரைவரை நீட்டினார்கள், யாரோ நல்லெண்ணெய் என்றார்கள். அவள் கொண்டையிலிருந்த ஊசியை உருவி, வைத்த சந்தனத்தைத் தானே சுரண்டி எடுத்து, நாக்கை அமுக்கி இழுத்தாள். டக்கென்று கழன்றது. ஒயரின் பின்னாலேயே தெய்வசிகாமணி வந்தார். முதலில் தலை, அப்புறம் தோள், அப்புறம் வேட்டியை இறுக்கிப் பிடித்தபடி மற்றதெல்லாம். எழுந்து நின்றவர் மாடிப்படியின் அடியில் நங்கென்று இடித்துக்கொண்டார். அந்தச் சத்தத்தைக் கேட்டு நாங்கள் பட்ட சந்தோசத்தைச் சொல்லி மாளாது. கிட்டுசாமி ஓவென்று அழுதுவிட்டார்.

சுவர்கள் அடங்கத் தொடங்கின. கம்பெனியில் நின்றது, சமையலறையில் நின்றது, மாடியில் நின்றது, பூஜையறையில் கடைசியாக ஒரு "வழியுது" சொட்டிவிட்டு நின்றது. பெட்டியின் விளக்குகள் நிதானமாக ஒவ்வொன்றாக மின்னின, கூடத்து டிவியில் வட்டம் நின்று படம் வந்தது. யாரோ கைதட்டினார்கள். அதற்குள் கரண்ட் போனது. டிவி அணைந்தது, ஃபேன் சுற்றி ஓய்ந்தது, பெட்டியும் கண்ணை மூடியது. ஒருவரும் பயப்படவில்லை. நாங்கள் அன்றைக்குத்தான் கரண்ட் போனதற்குச் சிரித்தோம்.

மயிலாத்தாள் அவருக்குக் கண்ணாடியை மாட்டிவிட்டு, கூடத்தில் உட்காரவைத்துத் தட்டை வைத்தாள். எங்களைப் போகச் சொல்லவில்லை, எங்களுக்கும் போக மனமில்லை. காலர் அட்டை ஒன்றை எடுத்து அவருக்கு விசிறிக்கொண்டே அவள் கேட்டாள்.

"இன்னும் ரெண்டு வெக்கட்டுங்களா?"

"வெய்யி."

"சட்னி காரமா இருக்குதுங்களா?"

"இல்ல."

"உள்ள வேக்காடா இருந்துச்சுங்களா?"

"குளுகுளுன்னுதான் இருந்துச்சு."

"கால் வலிக்குதுங்களா?"

"லேசா."

இரண்டாவது கேள்விக்கே எரிந்து விழுகிற மனிதர், அன்றைக்குக் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். அவள் நிறுத்தாமல் கேட்டுக்கொண்டே இருந்தாள். தண்ணி வேணுங்களா, தலை இடிச்ச எடம் வீங்குதுங்களா, சட்டைய மாத்தறீங்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள், ஒவ்வொன்றுக்கும் அவர் வாயிலிருந்து அதுவரை சொல்லாத ஒரு சொல் வந்தது, வர வர அவள் முகம் தெளிந்தது. கடைசியில் கேட்பதற்கு எதுவுமே இல்லாமல் போய்விட்டது.

"மாமா" என்றாள்.

"சொல்லு."

"ஒண்ணுமில்லீங்க. சும்மாதான் கூப்புட்டேன்."

தெய்வசிகாமணி இட்லியைப் பிட்டுச் சட்னியில் தோய்த்தார்.

"இன்னொருக்காக் கூப்புடு" என்றார்.